பெய்தது போக ஓடியது

கிருஷ்ணா ஆற்றில் ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது? 1973-இல் நீதிபதி பச்சாவத் தலைமையிலான நடுவர் மன்றம் 2,060 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) என்று எடுத்துக்கொண்டு மூன்று மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தது. 2010-இல் நீதிபதி பிரிஜேஷ் குமார் தலைமையிலான இரண்டாவது மன்றம் 2,293 என்று ஒரு கணக்கும் 2,578 என்று இன்னொரு கணக்கும் சொன்னது. மத்திய நீர் ஆணையத்தின் 1993-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது சுமார் 2,760. அதே ஆணையம் 2019-இல் வெளியிட்ட மறுமதிப்பீட்டில் சுமார் 3,140. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு மேட்டூர் அணையைப் பதினோரு தடவை நிரப்பிவிடலாம்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. கூட்டல் பிழையும் இல்லை. எந்த ஆண்டுகளை எடுத்தீர்கள், ஆற்றின் எந்த இடம்வரை எடுத்தீர்கள், வழியில் மனிதர்கள் எடுத்துக்கொண்டதைத் திரும்பச் சேர்த்தீர்களா, சராசரியை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்று இத்தனை கேள்விகளுக்கும் பதில் சொன்ன பிறகுதான் எண் என்று ஒன்று கிடைக்கும். கடைசிக் கேள்வி பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

கிருஷ்ணா வடிநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 2,59,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டைப்போல் இரண்டு மடங்கு. அதன் மேற்கு விளிம்பில் மகாபலேஷ்வர். அங்கே ஆண்டுக்கு 6,000 மி.மீ. அளவில் மழை கொட்டும். மலையை விட்டு இறங்கிக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் வந்தால் வாயி என்ற ஊர். அங்கே ஆயிரம் மி.மீ.கூடத் தேறாது. இன்னும் கிழக்கே போனால் பெல்லாரி, ராய்ச்சூர் வட்டாரம். 600 மி.மீ. பெய்தால் நல்ல வருஷம் என்பார்கள். இந்த நிலப்பரப்பு முழுவதற்கும் சேர்த்து ‘சராசரி மழை’ என்று ஓர் எண்ணைப் போடலாம்; பாடப்புத்தகங்கள் போடுகின்றன. மலைமுகட்டுக்காரரும் சரி, சமவெளிக்காரரும் சரி, அந்த அளவு மழையைத் தம் ஊரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெய்யும் மழையில் ஒரு பங்கு இலையிலும் கூரையிலும் தங்கி அப்படியே ஆவியாகும். ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும்; அதில் பெரும்பகுதியைப் பயிரும் மரமும் உறிஞ்சிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். கொஞ்சம் ஆழத்துக்குப் போய் நிலத்தடி நீராகச் சேரும். குட்டை குளங்களில் நின்று வெயிலில் வற்றுவது வேறு. இதெல்லாம் போக எஞ்சி, தரைமேல் வழிந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் வருவதைத்தான் பொறியாளர்கள் ‘ரன்-ஆஃப்’ என்கிறார்கள். நாம் ஓடுநீர் என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, ஓடுநீர் என்பது ஒரு மீதி. மாதக் கடைசியில் கையில் மிஞ்சும் பணத்தை எண்ணிப் பார்க்காமல், சம்பளத்தையும் செலவையும் குத்துமதிப்பாக வைத்துச் சொல்வது போன்ற வேலை இது. ஒரு வடிநிலத்தில் 850 மி.மீ. மழை பெய்து 600 மி.மீ. மண்ணுக்கும் காற்றுக்கும் போனால் 250 ஓடும். மழையை அளந்ததில் வெறும் 5 சதவீதம் பிசகினால் 42 மி.மீ. தவறும். அந்த 42 முழுக்க மீதியின் தலையில் விழும். 250-இல் அது 17 சதவீதம். வறண்ட நிலத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மீதியே சொற்பம். மழையைச் சரியாக அளந்தவர்கள்கூட ஓடுநீரில் கோட்டை விடுவது இதனால்தான்.

இந்தக் கழித்தல் கணக்கை முதன்முதலில் ஓர் ஆற்றுக்குப் போட்டுப் பார்த்தவர் பொறியாளர் அல்ல, வரி வசூலித்தவர். பியேர் பெரோ, பாரிஸ் நகரத்து நிதி அதிகாரி, பதவியை இழந்தவர். சிண்டரெல்லா கதையை எழுதிய சார்ல் பெரோவின் அண்ணன். மழை மட்டும் ஆறுகளுக்குப் போதாது, கடல்நீர்தான் பூமிக்கடியில் ஏறி ஊற்றாக வருகிறது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். 1674-இல் வெளிவந்த தம் நூலில் பெரோ, சேன் ஆற்றின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழையை நிலப்பரப்பால் பெருக்கி, ஆற்றில் போகும் நீரோடு ஒப்பிட்டார். ஆற்றில் போவதைப்போல் ஆறு மடங்கு மழை பெய்கிறது என்று விடை வந்தது. ஆற்றின் ஓட்டத்தை அவர் நேராக அளக்கவில்லை, தமக்குத் தெரிந்த வேறொரு சிற்றாற்றை வைத்து ஊகித்தார். இருந்தாலும் என்ன? ஆறு மடங்கு என்பது எட்டாக இருந்தாலும் நான்காக இருந்தாலும் வாதம் முடிந்தது. நிரூபிக்க வேண்டியது எதுவோ அதற்குப் போதுமான துல்லியம் இருந்தால் சரி. பின்னால் வந்த மதிப்பீட்டாளர்கள் பலர் மறந்துபோன பாடம் இது.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கு ஏரி கட்டவும் அணை கட்டவும் தேவைப்பட்டது. அலெக்சாண்டர் பின்னி என்ற ஆங்கிலப் பொறியாளர் 1869 முதல் 1872 வரை நாக்பூர் அருகே 16 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பு ஒன்றில் மழையையும் ஓட்டத்தையும் அளந்தார். அவர் தந்த பட்டியலைப் பாருங்கள்: 500 மி.மீ. பெய்யும் ஆண்டில் 15 சதவீதம் ஓடும். 800 பெய்தால் 29. 1,100 பெய்தால் 40. மழை கூடக்கூட ஓடுநீர் கூடும் என்பது யாருக்கும் தெரியும். சதவீதமே கூடுகிறது என்பதுதான் இதில் புதிது. 500 மி.மீ. மழையில் 75 மி.மீ. ஓடுகிறது, 1,100 மி.மீ. மழையில் 440 ஓடுகிறது. மழை இரண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஓட்டம் ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்து 1892-இல் ஸ்ட்ரேஞ்ச். இன்றைய மகாராஷ்டிர-கர்நாடக எல்லைப் பகுதியில், அதாவது கிருஷ்ணா வடிநிலத்தின் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். சிவில் பொறியியல் படித்தவர்கள் ‘ஸ்ட்ரேஞ்ச் டேபிள்’ என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். நீர்ப்பிடிப்பை நல்லது, சுமார், மோசம் என்று மூன்றாகப் பிரித்தார் அவர். இங்கே ‘நல்லது’ என்றால் தண்ணீரைத் தங்க விடாமல் வழித்து விடுவது: மொட்டைப் பாறை, சரிவு, இறுகிய தரை. விவசாயி எந்த நிலத்தைப் பார்த்து முகம் சுளிப்பாரோ அதுதான் அணைக்காரருக்கு நல்ல நிலம். அதைவிட முக்கியம், மழை பெய்யும்போது தரை காய்ந்திருந்ததா, ஈரமாக இருந்ததா, நன்றாக நனைந்திருந்ததா என்று நாள்வாரியாகவும் அவர் பட்டியல் பிரித்தது. ஒரே மழைக்கு மூன்று விடை. மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்பதை அட்டவணையில் ஏற்றியவர் அவர்.

1929-இல் இங்லிஸும் டிசூசாவும் மேற்கு இந்தியாவின் 53 அளவீட்டு இடங்களின் தரவுகளை வைத்து இரண்டு சூத்திரங்கள் தந்தார்கள். மலைத்தொடருக்கு ஒன்று: ஆண்டு மழையில் 85 சதவீதத்தை எடு, அதில் 30.5 செ.மீ. கழி. தக்காணப் பீடபூமிக்கு ஒன்று: மழையிலிருந்து 17.8 செ.மீ. கழித்து, மிச்சத்தை மழையால் பெருக்கி, 254-ஆல் வகு. போட்டுப் பார்க்கலாம். மகாபலேஷ்வரின் 600 செ.மீ. மழையில் 480 செ.மீ. ஓடும், ஐந்தில் நான்கு பங்கு. ராய்ச்சூரின் 60 செ.மீ.யில் 10 செ.மீ. மட்டும், ஆறில் ஒன்று. மழையில் பத்து மடங்கு வித்தியாசம் இருந்தது, ஓட்டத்தில் நாற்பத்தெட்டு மடங்காகிவிட்டது. கிருஷ்ணாவின் நீரில் பெரும்பங்கு மேற்கு ஓரத்து மலை விளிம்பிலிருந்து வருவது இதனால்தான். பீடபூமி பரப்பால் பெரியது, ஆற்றுக்குக் கொடுப்பது குறைவு.

ஏன் இப்படி? 1930-களில் அமெரிக்கர் ராபர்ட் ஹார்ட்டன் ஒரு விளக்கம் தந்தார். மண் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் நீரைக் குடிக்கும்; அதைவிட வேகமாக மழை பெய்தால் மிஞ்சியது வழியும். பல காலம் இதையே வேதமாகக் கொண்டார்கள். 1970-இல் டன், பிளாக் என்ற இருவர் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து மலைச்சரிவில் அளந்துவிட்டு வேறு கதை சொன்னார்கள். அங்கே மெதுவான மழைக்கும் ஓட்டம் வந்தது. ஓடையோரத்துப் பள்ளங்களில் மண் அடியிலிருந்து மேல்வரை நிரம்பிப்போயிருந்தது. இடமே இல்லாத மண்ணில் தூறல் விழுந்தாலும் ஓடத்தானே செய்யும்? இரண்டும் உண்மை. வெயிலில் இறுகிய பீடபூமித் தரையில் ஹார்ட்டன் சொன்னது நடக்கும். ஆடி மாதத்து மலைக்காட்டில் மற்றது.

கரிசல் இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்துகாட்டும். பீஜப்பூர் பக்கத்துக் கரிசல் காட்டை மே மாதத்தில் பார்த்தால் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்புகள், மண் முழுவதும் வலைபோல. முதல் மழை 40 மி.மீ. பெய்தாலும் வெடிப்புகள் வழியாக நேரே உள்ளே இறங்கிவிடும். ஓடையில் ஒரு சொட்டு வராது. இரண்டு மூன்று மழைக்குப் பிறகு களிமண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பின் அந்த நிலம் சிமெண்டுத் தளம்போலத்தான். செப்டம்பரில் அதே 40 மி.மீ. பெய்தால் ஓடை கரை புரளும்.

இந்த ஞாபகத்தைக் கணக்கில் கொண்டுவர இன்று உலகம் முழுக்கப் புழங்கும் முறை, அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1954-இல் வெளியிட்ட வளைவு எண் முறை. நிலத்துக்கு நூறுக்குள் ஒரு மதிப்பெண்: மணலில் அடர்ந்த காடு என்றால் குறைவு, தார்ச்சாலை என்றால் நூறை ஒட்டி. மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும் என்று அந்த மதிப்பெண்ணிலிருந்து கணக்கிட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு நனையும்வரை ஓட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய ஐந்து நாள் மழையைப் பார்த்து மதிப்பெண்ணை ஏற்றவோ இறக்கவோ செய்வார்கள். சாதாரண நிலையில் 80 மதிப்பெண் வாங்கிய ஒரு நிலத்தில் 50 மி.மீ. மழை பெய்கிறது. ஓடுவது 13.8 மி.மீ. அதே நிலம் காய்ந்து கிடந்தால் மதிப்பெண் 63-க்கு இறங்கும், ஓடுவது 2.4 மி.மீ. ஏற்கெனவே ஊறியிருந்தால் 91-க்கு ஏறும். ஓடுவது 29 மி.மீ. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மி.மீ. என்பது பத்து லட்சம் லிட்டர். அதே வயல், அதே மழை. ஓடைக்கு வருவது 24 லட்சம் லிட்டராகவும் இருக்கலாம், இரண்டு கோடியே 90 லட்சம் லிட்டராகவும் இருக்கலாம்.

இந்த முறை சிறு பண்ணை நிலங்களுக்காகச் செய்தது. அதை எடுத்து லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு நீட்டும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு வட்டாரத்தில் பாதி நிலத்துக்கு மதிப்பெண் 60, பாதிக்கு 90 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 75. அந்த 75-ஐ வைத்து 50 மி.மீ. மழைக்குக் கணக்கிட்டால் 9.3 மி.மீ. ஓடும் என்று வரும். சராசரி எடுக்காமல் இரண்டு பாதியையும் தனித்தனியே போட்டால் ஒன்றில் 1.4, மற்றதில் 27.1, பிறகு சராசரி எடுத்தால் 14.3. நிலமும் மழையும் மாறவில்லை. சராசரியை முன்னால் போட்டதில் ஓடுநீரில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

மழையிலும் இதே கூத்து. 80 மதிப்பெண் நிலம் முழுவதும் 50 மி.மீ. பெய்ததாக எடுத்தால் 13.8 ஓடும். உண்மையில் இடிமழை பாதி இடத்தில் 100 மி.மீ. கொட்டி மறுபாதியை எட்டிக்கூடப் பார்க்காமல் போயிருந்தால், சராசரி மழை அதே 50-தான். ஓடுவது மட்டும் 25 மி.மீ. ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோடை இடிமழை ஊருக்கு ஊர் மாறிப் பெய்வதை அறிந்தவர்களுக்கு இது கற்பனை உதாரணம் அல்ல என்று தெரியும். ஆகவே பெரிய பரப்புக்கு விதி ஒன்றுதான்: துண்டு துண்டாகக் கணக்கைப் போடு, பிறகு கூட்டு. சராசரி மண்ணில் சராசரி மழை பெய்ததாக வைத்துப் போட்ட கணக்கு கிட்டத்தட்ட எப்போதும் குறைத்தே காட்டும்.

துண்டாகப் போடத் துண்டுதோறும் மழை தெரிய வேண்டுமே? காலை எட்டரை மணிக்கு ஒருவர் வந்து, மழைமானியில் தேங்கியதை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்து, பதிவேட்டில் எழுதுகிறார். இந்த மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ. சமவெளியில் 520 சதுர கி.மீ.க்கு ஒரு மானி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு மானி தன் வாயைப்போல் 2,600 கோடி மடங்கு பரப்புக்குச் சாட்சி சொல்கிறது. 1911-இல் தீசன் என்ற அமெரிக்கர், ஒவ்வோர் இடத்தையும் அதற்கு மிக அருகிலுள்ள மானியிடம் ஒப்படைத்து வரைபடத்தைப் பலகோணங்களாக வெட்டும் வழியைச் சொன்னார். சமவெளியில் அது பரவாயில்லை. மலையில் அபத்தம்: வாயியின் மானியை முகட்டுக்கும், முகட்டின் மானியை வாயிக்கும் பேச வைத்துவிடும். செயற்கைக்கோள் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்வதில் நிறைய, உயரம் குறைந்த, அதிகம் குளிராத மேகங்களிலிருந்து வருவது. வானத்திலிருந்து பார்க்கும் கருவிகள் உயர்ந்த குளிர்ந்த மேகங்களைத்தான் எளிதில் அடையாளம் காணும். எங்கே மழை அதிகமோ அங்கேயே அவை குறைத்துச் சொல்கின்றன.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆற்றின் முடிவில் போய் நின்று அளந்துவிடலாமே என்று தோன்றும். கிருஷ்ணாவுக்கு அந்த வசதி உண்டு. விஜயவாடாவில் 1855-இல் கட்டி முடித்த அணைக்கட்டு இருந்தது. இப்போது அந்த இடத்தில் பிரகாசம் அணை. அணைக்கட்டின் தலைமேல் நீர் எத்தனை அடி உயரத்தில் வழிகிறது என்று குறித்தால், சூத்திரம் போட்டு ஓட்டத்தைச் சொல்லலாம். இருபுறக் கால்வாய்களில் போனதையும் சேர்க்க வேண்டும். அணை இல்லாத இடத்தில் வேலை கடினம். ஆற்றின் அகலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மேலிருந்து ஆழத்தின் அறுபது சதவீதத்தில் சுழற்கிண்ணக் கருவியை இறக்கி, சுற்றுகளை எண்ணி வேகம் கணக்கிடுவார்கள். இதைப் பலமுறை செய்து, நீர்மட்டம் இவ்வளவு என்றால் ஓட்டம் இவ்வளவு என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்வார்கள். அப்புறம் மட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். பெருவெள்ளத்தில் படகு இறங்க முடியாது. அப்போது அந்தக் கோட்டை ஊகித்து நீட்டுவார்கள். வெள்ளமோ அடிமணலை அரித்து ஆற்றின் வடிவத்தையே மாற்றியிருக்கும். ஆண்டு ஓட்டத்தில் கணிசமான பங்கு வருகிற அந்தச் சில நாட்களில்தான் அளவீடு பலவீனமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், விஜயவாடாவுக்கு வந்து சேர்வது கிருஷ்ணாவில் ஓடியது அல்ல என்பது. மேலே கோய்னா அணையின் நீர் மலையைக் குடைந்து மேற்கே மின்நிலையத்துக்குப் போய் அரபிக்கடலில் கலக்கிறது. துங்கபத்திரா, அல்மாட்டி, ஸ்ரீசைலம், நாகார்ஜுனசாகர் என்று ஒவ்வோர் அணையும் எடுத்துக்கொள்கிறது; தேக்கத்தில் ஆவியாவது வேறு. எனவே ‘இயற்கை ஓட்டம்’ வேண்டுமென்றால், அளந்த ஓட்டத்தோடு பாசனத்துக்கு எடுத்ததையும், திருப்பிவிட்டதையும், அணையில் ஆவியானதையும் கூட்ட வேண்டும். அந்த ஆண்டில் அணையில் தேங்கிய நீர் கூடியிருந்தால் அதையும் சேர்த்து, குறைந்திருந்தால் கழிக்க வேண்டும். வயலுக்குப் பாய்ந்து திரும்ப ஆற்றுக்கே வடிந்ததைக் கழிக்க வேண்டும். எவ்வளவு எடுத்தோம் என்பதை ஒவ்வொரு மாநிலமும்தான் சொல்லியாக வேண்டும். நடுவர் மன்றத்தில் வழக்காடும் கட்சிக்காரரே சாட்சியும் என்றால் எண் எந்தப் பக்கம் சாயும் என்று விளக்கத் தேவையில்லை.

இப்போது பச்சாவத்தின் 2,060-க்கு வருவோம். அது சராசரி அல்ல. 1894-95 முதல் 1971-72 வரை 78 ஆண்டுகளின் ஓட்டத்தை வரிசைப்படுத்தி, நான்கில் மூன்று ஆண்டுகளில் இதற்குக் குறையாது என்று நிற்கும் எண். 75 சதவீத நம்பகம் என்பார்கள். மகாராஷ்டிரத்துக்கு 560, கர்நாடகத்துக்கு 700, ஆந்திரத்துக்கு 800 என்று அதை மன்றம் பிரித்தது. பாசனத்திலிருந்து வடிந்து திரும்புவதாக 70 டி.எம்.சி. தனியாகச் சேர்ந்தது. பிரிஜேஷ் குமார் மன்றம் 1961-62 முதல் 2007-08 வரை 47 ஆண்டுகளை எடுத்தது. 65 சதவீத நம்பகத்துக்கு 2,293, சராசரிக்கு 2,578. அதே வரிசையில் 75 சதவீதத்துக்குப் பார்த்தால் 2,173. அதாவது ஒரே அளவுகோலில் வைத்தால் இரண்டு மன்றங்களுக்கும் நடுவில் உள்ள தூரம் நூற்றுச் சொச்சம்தான். மீதி வித்தியாசம் முழுவதும், எத்தனை ஆண்டுகளில் ஏமாறத் தயாராக இருக்கிறோம் என்ற தேர்விலிருந்து வந்தது. நான்கில் ஓர் ஆண்டு பொய்த்தால் பரவாயில்லையா, மூன்றில் ஓர் ஆண்டா என்பது நீரியலாளர் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. அணை கட்டிவைத்திருப்பவருக்கு நல்ல ஆண்டின் நீரைக் கெட்ட ஆண்டுக்கு எடுத்துப்போக முடியும். கடைமடைக்காரர் வரும்போது வருவதை நம்பித்தான் இருக்க வேண்டும். இருவரும் ஒரே சதவீதத்தைக் கேட்பார்களா?

நீர் ஆணையத்தின் எண்கள் வேறு வகை. அவை நீண்டகாலச் சராசரி. முழு வடிநிலத்துக்கும் உரியவை. 2019-ஆம் ஆண்டு மதிப்பீடு 1985 முதல் 2015 வரையான மழையை எடுத்து, செயற்கைக்கோள் தந்த நிலப்பயன்பாட்டு வரைபடத்தின்மேல், தோர்ன்த்வெயிட்-மாதர் என்ற மண்ணீர்க் கணக்கை நாடு முழுவதற்கும் போட்டது. இந்தியாவில் ஆண்டுக்கு 3,880 பில்லியன் கன மீட்டர் மழை, அதில் 1,999 நீர்வளம் என்றது. பழைய கணக்கு 1,869. ஆறுகள் பெருத்துவிட்டன என்று சில தலைப்புச் செய்திகள் படித்த ஞாபகம். பெருத்தது கணக்குத்தான்: காலமும் முறையும் தரவும் மாறின. இரண்டு வெவ்வேறு தராசுகளில் நின்றுவிட்டு எடை கூடியது என்று சொல்ல முடியாது.

சென்னைக்காரர்களுக்கு இந்தத் தகராறில் நேரடிப் பங்கு உண்டு. 1976-இல் மூன்று மாநிலங்களும் தலா 5 டி.எம்.சி. சென்னைக் குடிநீருக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. 1983-இல் தெலுங்கு கங்கை ஒப்பந்தம். கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது 1996-இல். தாளில் 15 டி.எம்.சி.; வழியில் ஆவியாவது, கசிவது என்று 3 கழித்து எல்லையில் 12 என்பது ஏற்பாடு. நீரோட்ட மதிப்பீட்டின் பிழைவீச்சு நூற்றுக்கணக்கான டி.எம்.சி. என்னும்போது, வரிசையின் கடைசியில் நிற்கும் 12 டி.எம்.சி. எவ்வளவு உறுதியானது என்பதைப் பூண்டி ஏரியின் மட்டமே பல கோடைகளில் சொல்லியிருக்கிறது.

ஆண்டுக் கணக்கு சொல்லாத ஒன்றை 2009 சொன்னது. அந்த ஆண்டு நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 22 சதவீதம் குறைவு. வறட்சி ஆண்டு என்று அறிவித்தாயிற்று. அக்டோபர் முதல் வாரத்தில் கர்நூல், மகபூப்நகர், ராய்ச்சூர் வட்டாரத்தில் சில நாள் பெய்த மழையில் கர்நூல் நகரம் மூழ்கியது. ஸ்ரீசைலம் அணைக்கு வந்த நீர் உச்சத்தில் வினாடிக்கு 25 லட்சம் கன அடியைத் தாண்டியது. அணையை வடிவமைத்தபோது எதிர்பார்த்த பெருவெள்ளம் சுமார் 19 லட்சம். அந்த வேகம் ஒரு முழு நாள் நீடித்தால் 216 டி.எம்.சி.; பச்சாவத் பிரித்த ஆண்டு நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஆற்றுக்கு எப்போதும் குறைவாகக் கொடுக்கும் பீடபூமிதான் இந்த வெள்ளத்தை அனுப்பியது. வழக்கமாகப் பத்து சொச்சம் சதவீதம் வழியும் நிலம், ஊறிப்போன மண்ணின்மேல் நாள்கணக்கில் மழை விழுந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஸ்ட்ரேஞ்சின் அட்டவணை 1892-லேயே நாள்வாரியாக எழுதிவைத்திருந்தது.

அளவீடே இல்லாத வடிநிலங்கள் உலகில் அதிகம். அவற்றுக்கென்று ரஷ்யரான புதிக்கோ ஓர் அழகான குறுக்குவழி தந்தார்: நீண்டகாலச் சராசரியில், வெயில் ஆவியாக்கக்கூடிய நீருக்கும் பெய்யும் மழைக்கும் உள்ள விகிதம் ஒன்றே ஓடுநீரைப் பெருமளவு தீர்மானிக்கும். வெயிலின் தாகம் மழையைப்போல் இரண்டு மடங்கு என்றால் மழையில் பத்தில் ஒன்று ஓடும். தாகம் மழையில் பாதிதான் என்றால் பாதிக்குமேல் ஓடும். நம் நாட்டில் இது கொஞ்சம் சறுக்கும். இங்கே மழை நான்கு மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. தாகம் உச்சத்துக்குப் போவது மே மாதத்தில். இரண்டும் சந்திக்காததால் புதிக்கோ சொல்வதைவிட அதிகமாகவே ஓடுகிறது.

இப்போது வானத்திலிருந்து எடைபோடவும் முடிகிறது. 2002-இல் ஏவிய கிரேஸ் இணைக்கோள்கள் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, கீழே நீர் கூடிக் குறைவதால் ஈர்ப்பில் வரும் மாற்றத்தைத் தம் இடைவெளியின் நுண்ணிய மாற்றமாக அளந்தன. கிருஷ்ணா வடிநிலம் முழுவதும் என்றால் இந்த முறை பதில் சொல்லும். ஒரு மாவட்டத்துக்குச் சொல்லாது. 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளின் நீர்மட்டத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அப்போதும் அடிமணலின் ஆழத்தை ஊகிக்கத்தான் வேண்டும்.

பெரிய அணைகள் எடுப்பதற்குக் கணக்குப் புத்தகமாவது இருக்கிறது. வடிநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஏரிகள், குட்டைகள், பண்ணைக் குட்டைகள், தடுப்பணைகள் எடுப்பதை யாரும் அளப்பதில்லை. ஏரியின் கொள்ளளவு இவ்வளவு, வருஷத்துக்கு இத்தனை தடவை நிரம்பும் என்று ஊகித்து எழுதுகிறார்கள். தெலங்கானாவில் 2015 முதல் காகதீயத் திட்டத்தில் ஏரிகளைத் தூர்வாரியபோது ஊருக்கு நல்லது நடந்தது. கீழே ஆற்றை அளப்பவரின் கணக்கில் இன்னொரு தெரியாத எண் சேர்ந்தது. ஆழ்துளைக் கிணறுகள் இன்னும் சங்கடம். கோடையில் ஓடைக்குக் கசிந்து வந்துகொண்டிருந்த நீரை அவை நிலத்தடியிலேயே உறிஞ்சிவிடுகின்றன. மோட்டாருக்கு மின்மீட்டரே இல்லாத ஊர்களில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரைக் கேட்பது? வெப்பப் படங்களில் எந்த வயல் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே எவ்வளவு நீர் ஆவியாகியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அதில் மழை தந்தது எவ்வளவு, கிணறு தந்தது எவ்வளவு என்று பிரிக்கும் வேலைதான் இன்றைக்கு நீரியலாளர்களின் மேசையில் இருக்கிறது. அந்தப் பங்கைத் திரும்பக் கூட்டாத வரை, கிருஷ்ணாவின் ‘இயற்கை ஓட்டம்’ என்று எழுதும் ஒவ்வோர் எண்ணும் பத்தாண்டுக்குப் பத்தாண்டு, மழை குறையாமலேயே, குறைந்துகொண்டு போகும்.